21 நாள் கணக்கை நம்ப வேண்டாம்
"டிவி முன் 21 நாள் கொறிக்காமல் இருந்தால் பழக்கம் தானாகப் போய்விடும்" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. ஆபரேஷனுக்குப் பின் புது முகம் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகும் என்றார், அவ்வளவுதான். கொறிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் புதுப் பழக்கம் படியவே 66 நாள் வாக்கில் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவே ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பில்லையாம்.

நாட்களை எண்ணுவதைவிடக் கையை மாற்றிப் பாருங்கள். திரையரங்கில் நமுத்துப்போன பாப்கார்னைக்கூடப் பழக்கத்தில் தின்றவர்கள், மற்றக் கையால் எடுக்கச் சொன்னதும் குறைத்துக்கொண்டதை 2011-இல் ஒரு ஆய்வு காட்டியது. அப்புறம், பாக்கெட்டை சோபா பக்கமே கொண்டுவராதீர்கள்.