மனு போடத் தெரிந்தவனுக்கு மட்டும்தானா கருணை?

என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய், முப்பது வருஷத்துக்கு மேலாக. ஒருமுறை அவருக்கு வரவேண்டிய உதவித்தொகைக்காக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். பேனாவை வாங்கிக்கொண்டார், படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார், கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தார், ஒரு எழுத்துப்பிழையைக்கூடக் கண்டுபிடித்துக் காட்டினார். அப்புறம் பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகிவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா என் குரலை எடுத்துட்டுப் போயிடுவாங்கடா, உனக்குத் தெரியாது, நீ சின்னப் பையன்" என்றார். எனக்கு அப்போது வயது நாற்பது.

மனநோய் உள்ள தூக்குக் கைதிக்குக் கருணை காட்டலாமா கூடாதா என்று சண்டை வரும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய பேனாதான் ஞாபகத்துக்கு வருகிறது. கருணை என்பது கேட்டால்தான் கிடைக்கும் சமாச்சாரம். மனு எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வக்கீலை நம்ப வேண்டும், கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீலே எதிரி அனுப்பிய ஆள் என்று நினைப்பவன் இதில் எதைச் செய்வான்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெல்சி பேட்டர்சன் என்று ஒருவர். 1992-இல் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். சுட்டுவிட்டு ஓடவில்லை. துப்பாக்கியை வைத்தார், உடுப்பை எல்லாம் கழற்றினார், காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு போலீஸ் வரும்வரை தெருவில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். அதற்குப் பல வருஷம் முன்பே இன்னொரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில், விசாரணைக்கு நிற்கும் மனநிலை இவருக்கு இல்லை என்று மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். தன் உடம்புக்குள் கருவியைப் பொருத்தி யாரோ தன்னை இயக்குவதாக நம்பினார். தன் வக்கீல்களோடு பேசவே மறுத்தார். தண்டனை நிரந்தரமாக நிறுத்தப்பட்டுவிட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டு அதைக் கடிதங்களில் எழுதினார். அதாவது, கருணை தனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நம்பும் ஆளிடம் போய்க் கருணை கேள் என்றால் எப்படிக் கேட்பார்?

இதில் விசேஷம், டெக்சாஸின் மன்னிப்பு வாரியம், கருணை காட்ட அவ்வளவு சுலபத்தில் மனசு வராத வாரியம், இவர் விஷயத்தில் 5-க்கு 1 என்று தண்டனையைக் குறைக்கச் சொன்னது. ஆளுநர் ரிக் பெர்ரி முடியாது என்றுவிட்டார். 2004 மே 18 அன்று விஷ ஊசி போட்டார்கள்.

"செய்யும்போது தெரியாமலா செய்தான்?" என்று கேட்பார்கள். சரி, நியாயமான கேள்வி. ஆனால் அது நீதிமன்றத்தின் கேள்வி. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் இப்போதைய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் பார்ப்பது குற்றம் நடந்த அந்த நேரத்தை மட்டும்தான். தான் செய்வது என்ன, அது தப்பு என்று அப்போது அவனுக்குத் தெரிந்ததா? 1843-இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கையொட்டி வகுத்த அளவுகோல், இன்றைக்கும் பாதி உலகம் அதை வைத்துத்தான் அளக்கிறது. இந்த அளவுகோலில் என் சித்தப்பா சுலபமாகத் தேறிவிடுவார். எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவரை நினைவு தப்பியவர் என்று யார் சொல்வார்கள்?

அரசியலமைப்பில் குடியரசுத் தலைவருக்கு 72-ஆம் பிரிவிலும் ஆளுநருக்கு 161-ஆம் பிரிவிலும் தனியாக ஒரு அதிகாரம் கொடுத்திருப்பது நீதிமன்றம் கேட்டதையே திரும்பக் கேட்பதற்கா? கொட்டடியில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இப்போது உட்கார்ந்திருக்கும் ஆள் யார், அவனுக்குத் தன்னை எதற்காகத் தூக்கில் போடுகிறார்கள் என்றாவது புரிகிறதா, இதையெல்லாம் பார்க்கத்தானே அந்த அதிகாரம்?

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 21-இல் சத்ருகன் சவுகான் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு ஒரே தீர்ப்பில் 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. கருணை மனுவை முடிவு செய்வதில் ஆகும் தாமதத்தைப் போலவே மனநோயும் தண்டனையைக் குறைக்கத் தனிக் காரணம் என்றது. தூக்குக் கைதிகளின் மனநிலையை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், மனு நிராகரிக்கப்பட்ட செய்தி சேர்ந்த பிறகு குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது. 2019-இல் இன்னொரு வழக்கில், தண்டனைக்குப் பிறகு வந்த கடுமையான மனநோயையும் கணக்கில் எடுத்தார்கள். அந்தத் தீர்ப்பில் கைதியின் பெயர்கூட இல்லை, 'குற்றம் சாட்டப்பட்ட எக்ஸ்' என்றுதான் இருக்கிறது. நோயாளியின் ரகசியம் காக்கவேண்டும் என்பதற்காக. படித்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

2014 மார்ச்சில் தேவிந்தர் பால் சிங் புல்லரின் தூக்கு குறைக்கப்பட்டதே, 1993 டெல்லி குண்டுவெடிப்பு வழக்கு, அதை எடுத்துப் பாருங்கள். வழக்கின் தலைப்பு 'நவ்நீத் கவுர்'. அவருடைய மனைவி. பாகிஸ்தானில் இம்தாத் அலி வழக்கின் தலைப்பு 'சஃபியா பானோ'. அதுவும் மனைவிதான். 2016-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு குணமாகக்கூடிய நோய், சட்டம் சொல்லும் மனக்கோளாறில் சேராது என்றது (எங்கள் வீட்டுக்கு வந்து முப்பது வருஷக் கதையைக் கேட்டிருக்கலாம்). மனைவி விடவில்லை. 2021 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று புரியாத அளவு நோயுற்றவரைத் தூக்கில் போடக்கூடாது என்றது. இம்தாத் அலியும், அவரைப் போலவே மனநோயோடு தூக்குக் கைதியாக இருந்த கனீசான் பீவியும் பிழைத்தார்கள்.

பின்னால் ஒரு மனைவியோ அம்மாவோ நிற்கவேண்டியிருக்கிறது. நின்றும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நாகேந்திரன் தர்மலிங்கத்தை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மலேசியத் தமிழர், 2009-இல் 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டபோது வயது 21. ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, 69தான் என்று சோதனை சொன்னது. தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றம் சொன்னது. கருணை மனு 2020-இல் நிராகரிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 26 அன்று அவருடைய அம்மா கடைசியாக ஒருமுறை நீதிமன்றம் போனார், அதுவும் தள்ளுபடி. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நாகேந்திரன் "மா" என்று அழுதது நீதிமன்ற அறை முழுக்கக் கேட்டதாகச் செய்தியில் வந்தது. மறுநாள் தூக்கு.

"அப்போ எல்லாக் கொலைகாரனும் பைத்தியம் மாதிரி நடிப்பானே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நடிக்கிறவன் இருப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷ சிறை மருத்துவப் பதிவேட்டை யாரும் நடித்து நிரப்ப முடியாது. எந்த மருந்து, எத்தனை நாள் சாப்பிடவில்லை, எப்போது மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்று எல்லாம் அரசாங்கமே எழுதி வைத்திருப்பது. இன்னொன்று, கருணை என்றால் விடுதலை இல்லை. தூக்குக்குப் பதில் ஆயுள். ஆள் உள்ளேதான் இருக்கப்போகிறார்.

கொலையானவர்களின் வீட்டாரை மறந்துவிட்டாயா என்றால், மறக்கவில்லை. அவர்களுடைய கோபத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் தன்னை எதற்காகக் கொல்கிறார்கள் என்று தெரியாத ஒருவரைக் கொன்று அந்த வீட்டுக்கு என்ன கணக்கைத் தீர்த்துக் கொடுக்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் சார்லஸ் சிங்கிள்டன் கதை இதைவிட மோசம். பிரமை முற்றியவருக்குக் கட்டாயமாக மருந்து கொடுத்துத் தெளியவைத்தார்கள். தெளிந்துவிட்டார், ஆகவே கொல்லலாம் என்று 2004 ஜனவரியில் கொன்றார்கள். அந்த மருந்துச் சீட்டை எழுதிய டாக்டர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டிருப்பார் என்று யோசிப்பேன்.

இப்போது இந்தியாவில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு வந்திருக்கிறது. கைதியோ, சட்டப்படியான வாரிசோ, உறவினரோ மனுப் போடலாம், 30 நாளுக்குள். உறவினர் என்று போட்டிருப்பது நல்லது. உறவே இல்லாதவன், அல்லது உறவு கைகழுவிய ஒருவன் என்ன செய்வான்? இந்த நோய் உள்ள வீடுகளில் கைகழுவுவது எவ்வளவு சகஜம் என்று எனக்குத் தெரியும், எங்கள் சொந்தத்திலேயே பாதிப் பேர் சித்தப்பா இருக்கும் பக்கம் வருவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மேல்முறையீடு தள்ளுபடியான அன்றே, கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும், சிறைக்கு வெளியில் இருந்து வரும் மனநல மருத்துவர்கள் அவரைப் பார்க்கவேண்டும். அந்த அறிக்கையும் சிறையின் முழு மருத்துவக் கோப்பும் தானாகவே ஆளுநர் மேசைக்கும் குடியரசுத் தலைவர் மேசைக்கும் போகவேண்டும். கைதியின் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

சித்தப்பாவின் படிவத்தில் கடைசியில் சித்திதான் காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அவர் தூங்கிய பிறகு, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு.