தோத்துட்டோம்

போன வாரம் அடையாள அட்டைக்குப் போட்டோகொப்பி எடுக்க வந்த ஒரு தம்பி, கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் 1996 இலங்கைக் கிரிக்கெட் அணியின் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, இன்னும் இவங்கள நம்பிக்கிட்டா இருக்கீங்க?" என்று கேட்டான். முதல்நாள்தான் ஒரு மேட்ச் தோற்றிருந்தோம். எந்த மேட்ச் என்பது முக்கியமில்லை. எங்கள் ஆட்களுக்கு முதல்நாள் என்றாலே பெரும்பாலும் அப்படித்தான். சிரித்துவிட்டுக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2024 ஜூலை 30. பல்லேகல மைதானம், இந்தியாவுடன் மூன்றாவது டி20. தொடர் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் மகனுக்கு அப்போது பதினொரு வயது, மைதானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு ஹட்டனிலிருந்து பஸ் ஏறினோம். நீலச் சட்டை, கன்னத்தில் சாயம், புல்மேட்டில் ஒரு நல்ல இடம். இந்தியா 137 ஓட்டத்துக்கு 9 விக்கெட். பையன் என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் 110-க்கு 1 என்று நின்றபோது கணக்கு அவனுக்கே தெரிந்துவிட்டது. இன்னும் 28 ஓட்டம், கையில் ஒன்பது விக்கெட். பப்பரே வாத்தியக்காரர்கள் நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்தார்கள். அவன் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இறங்குடா, இன்னும் முடியல" என்றேன். முதல் மேட்சில் 140-க்கு 1 என்று இருந்துவிட்டு 170-க்குச் சுருண்டவர்கள் இவர்கள். என் வயசுக்கு அது தெரியும். அவன் வயசுக்குத் தெரியத் தேவையில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். கடைசி 12 பந்தில் 9 ஓட்டம் வேண்டும். பந்து போட வந்தவர் ரிங்கு சிங். அடுத்த ஓவருக்கு சூர்யகுமார் யாதவ். இரண்டு பேருமே துடுப்பாட்டக்காரர்கள். ஆளுக்கு இரண்டு விக்கெட் எடுத்தார்கள். 137-க்கு 8, சமன். சுப்பர் ஓவரில் மூன்று பந்துக்குள் இரண்டு விக்கெட்டும் போய் இரண்டே ஓட்டம். இந்தியா முதல் பந்திலேயே நாலு அடித்து முடித்தது. பையன் தோளிலிருந்து எப்போது இறங்கினான் என்று எனக்கு நினைவில்லை. பார்த்தபோது புல்லில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தை வைத்திருந்தான்.

நான் அவனிடம் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, சிங்களத்தில், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகவே சொன்னார்: "உங்க டீம் ஜெயிச்சிருச்சே."

நான் பதில் சொல்லவில்லை. பையன் தலையைத் தூக்கினான். நீலச் சட்டை, கன்னத்துச் சாயம் எல்லாம் கரைந்து தாடைவரை வழிந்திருந்தது. அந்த மனிதர் அவனைப் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் பார்த்தார். கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தோல்விகளில் வகை உண்டு. 2023 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் சிராஜ் ஆறு விக்கெட் எடுத்து நம்மை 50-க்கு உருட்டியபோது எனக்கு வலிக்கவே இல்லை. சிரிப்புத்தான் வந்தது. மேட்ச் தொடங்கி, தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதே வருடம் உலகக் கிண்ணத்தில், மும்பை வான்கடே மைதானத்தில் 55-க்கு ஆட்டமிழந்தபோதும் அப்படித்தான். நம்பிக்கை துளிர்க்கவே நேரம் கொடுக்காத தோல்வியில் காயம் இல்லை. கிட்டே வந்து தோற்கிறோமே, அதுதான் ஆளைக் கொல்வது. 2012 டி20 உலகக் கிண்ண இறுதியில், நம் பிரேமதாச மைதானத்தில், பத்து ஓவருக்கு 32 ஓட்டம் என்று மேற்கிந்தியத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தோம். சாமுவேல்ஸ் மாலிங்கவை அடித்த அந்த சிக்ஸர்கள் இன்னும் எனக்குக் கனவில் வரும். இதைக் கேட்டு என் மனைவி சிரிப்பாள். அவளுக்குக் கனவில் அரிசி விலை வருகிறது.

சரி, தாத்தா கதைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

1996 மார்ச் 13. உலகக் கிண்ண அரையிறுதி, கல்கத்தாவில் இந்தியாவும் இலங்கையும். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கரண்ட் கிடையாது. கங்காணி வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு கறுப்பு வெள்ளை டீவி, டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றி வந்த கார் பேட்டரியில் ஓடும். கொழுந்து மூட்டைச் சாக்கை விரித்து மொத்த லயமும் அதன் முன்னால். அப்பா இலங்கைக் கட்சி. தாத்தா இந்தியாக் கட்சி.

தாத்தா இந்தியாக் கட்சியானது கிரிக்கெட்டால் அல்ல. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்குபோட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுதிக் கொடுத்து வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. அவருடைய தம்பி தலைமன்னாரில் கப்பல் ஏறி, கூடலூர்ப் பக்கம் தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். தாத்தா இந்த வருசம், அடுத்த வருசம் என்று நாள் தள்ளினார். 1984-இல் கப்பலே நின்றுபோனது. அன்றைக்கு அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தபோது, அறுபது வருசம் இந்த மலையில் உழைத்திருந்த மனிதர், சட்டப்படி இந்த நாட்டுப் பிரஜை இல்லை.

ஆனால் இலங்கைப் பந்துவீச்சாளர் முரளி விசயத்தில் மட்டும் கட்சி மாறிவிடுவார். கண்டிக்காரன், தோட்டத்துக்கு வந்த சனத்தின் வம்சம், "நம்ம பய". அதற்கு முந்தைய டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹெயர் முரளியின் பந்தை எறிபந்து என்று ஏழு தடவை நோபோல் கொடுத்ததற்கு, தாத்தா ஒரு வாரம் வெள்ளைக்காரனைத் திட்டினார். இதனால் அரையிறுதியில் அவர் பாடு திண்டாட்டம். டெண்டுல்கர் அடித்தாலும் கைதட்டுவார், முரளி பந்தை எடுத்தாலும் நிமிர்ந்து உட்காருவார். கங்காணி மாமா, "ஏதாவது ஒரு கரையில நில்லுய்யா" என்று கத்தினார்.

இந்தியாவுக்கு 252 வேண்டும். 98-க்கு 1 என்று போய்க்கொண்டிருந்தது. டெண்டுல்கரைக் களுவிதாரண ஸ்டம்பிங் செய்தார். அதோடு சரிந்தது. 120-க்கு 8. கூட்டம் போத்தல்களை வீசி, இருக்கைகளைக் கொளுத்தியது. மேட்ச் ரெஃபரியாக இருந்த கிளைவ் லொயிட் மேட்சை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே நடந்தார். லயத்தில் ஒரே கூச்சல். தாத்தாவைக் காணோம்.

நான் தேடிப் போனேன். ஆறுதல் சொல்ல இல்லை, சீண்டத்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "உங்காளுக கிரவுண்டையே கொளுத்திட்டாங்க தாத்தா" என்றேன்.

"கொளுத்துறவனுக்குக் கவலை இல்லடா. கவலை இருக்கிறவன் உக்காந்திருவான்" என்றார். அவ்வளவுதான். பீடி முடியும்வரை என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை பாடம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில் ஆட்கள் கேலி செய்வதற்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் தானாகவே சொன்னார்: "தோத்துட்டோம்ப்பா." இந்தியா தோத்துருச்சு என்று சொல்லவில்லை. தோத்துட்டாங்க என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன ஆளை யாராலும் கேலி செய்ய முடியவில்லை. நாலு நாள் கழித்து லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்து அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைத் தூக்கியபோது, அதே மனுசன் அதே இஸ்தோப்பில் எழுந்து நின்று, "ஜெயிச்சுட்டோம்" என்றார். கங்காணி மாமா சும்மா விடுவாரா? "எந்த ஓம்ய்யா இது?" என்று கேட்டார். தாத்தா பதில் சொல்லவில்லை.

நம்மில் பாதிப்பேர் ஜெயித்தால் 'ஓம்', தோற்றால் 'ஆங்க'. ஜெயிச்சுட்டோம், தோத்துட்டாங்க. மேட்ச் தோற்ற ஓர் இரவில் முகநூலில் உலாவிப் பாருங்கள். எல்லாமே 'ஆங்க'. அடுத்த கட்டம், "காசு வாங்கிட்டாங்க". இந்தக் காசுக் கதை மாதிரி ஒரு வலிநிவாரணி கிடையாது. ஒரு மாத்திரை போட்டால் போதும், துக்கம் கோபமாக மாறிவிடும், நாமும் நல்லவர்களாகிவிடுவோம். இந்தியாவிடம் தோற்ற 2011 உலகக் கிண்ண இறுதியை விற்றுவிட்டார்கள் என்று 2020-இல் ஒரு முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சரே சொன்னார். பொலிஸ் சங்கக்காரவைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் விசாரித்தது. ஆதாரம் இல்லையென்று கோப்பை மூடினார்கள். மஹேல 103 அடித்ததும், மாலிங்க ஷேவாக்கையும் டெண்டுல்கரையும் வீழ்த்தியதும், அதற்கு மேலும் கம்பீரும் தோனியும் நன்றாக ஆடிவிட்டதும்தான் அந்த மேட்ச். எதிராளி நம்மைவிட நன்றாக விளையாடினான் என்பதை விழுங்குவது கஷ்டம். அதற்காகச் சொந்த ஆளைத் திருடன் ஆக்கலாமா?

அந்த 2011 இறுதிதான் முரளியின் கடைசி ஒருநாள் போட்டியும். தோனி அந்த சிக்ஸரை அடித்தபோது நான் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மலைக்கு மேலே ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. கடைக்குள் ஒருவரும் பேசவில்லை. ஆனால் தமிழ் முகங்கள் மீது கண்கள் ஒரு தடவை திரும்பிப் போயின. நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். பட்டாசு கொளுத்தியவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கு எந்த அணி பிடிக்கிறதோ அது அவரவர் மனசு. என் தாத்தாவைத் திட்டாமல் நான் எப்படி அவரைத் திட்டுவது? ஆனால் அன்றைக்குத் தோற்றுப்போன எனக்கு, துக்கப்படுவதற்கு முன்னால், துக்கப்படுகிறேன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. "உங்க டீம் ஜெயிச்சிருச்சே" என்று அந்தப் பக்கம். "அவங்களுக்காக நீ ஏன்டா அழுவுற" என்று இந்தப் பக்கம். சம்பளம், காணி, வீடு என்று எவ்வளவு பாக்கி இருக்கிறது, இதில் உனக்குக் கிரிக்கெட் ஒரு கேடா என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாக்கி எல்லாம் பாக்கிதான். அதைக் கேட்கிற இடத்தில் நானும்தான் நிற்கிறேன். ஆனால் 'ஓம்' என்ற அந்த ஒரு விகுதிக்கு விண்ணப்பப் படிவம் இல்லை. கிராம சேவகர் கையெழுத்து வேண்டாம், போட்டோகொப்பி வேண்டாம். அது மட்டும் யாரும் கொடுக்காமல் நாமாக எடுத்துக்கொண்டது. 2003-இல் சட்டம் வந்து, மிச்சமிருந்த நம் ஆட்களுக்குக் குடியுரிமை கொடுத்தபோது தாத்தா உயிரோடு இல்லை. ஆனால் அவர் அந்த 'ஓம்'-ஐ 1996-லேயே எடுத்துக்கொண்டுவிட்டார், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து.

பல்லேகல ராத்திரியில் ஒன்றைக் கவனித்தேன். 110-க்கு 1, அப்புறம் 137-க்கு 8. தாத்தாவுக்கு 98-க்கு 1, அப்புறம் 120-க்கு 8. இருவருக்கும் ஏழு விக்கெட். இருபத்தெட்டு வருசம் கழித்து அதே சரிவு, இந்தத் தடவை எங்கள் பக்கம். பீலிக்கரையில் நான் சீண்டியது அப்போதுதான் உறைத்தது. பையனிடம் "வெறும் விளையாட்டுத்தானே" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டேன். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும்வரை அந்தக் கடலையைத் தின்றோம்.

கண்டிக்கு வந்தபோது பஸ் இல்லை. ஹட்டன் பக்கம் போகிற ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். சாரதி வயசான சிங்கள மனிதர். கம்பளை தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார். மகனுடைய கன்னத்துச் சாயத்தைப் பார்த்துவிட்டு, சீனி கூடுதலாகப் போட்டு ஒரு பிளேன்டீயை அவன் கையில் கொடுத்தார்.

"அபி பெரதுனா நே, புத்தே" என்றார்.

பையனுக்குச் சிங்களம் அரைகுறை. 'புத்தே' என்றால் மகனே என்று தெரியும். மற்றதற்கு என்னைப் பார்த்தான்.

தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். சிங்களத்தில் இரண்டுக்கும் 'அபி' ஒன்றுதான். பெரியவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"நாம தோத்துட்டோமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

பையன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். "தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நாளைக்கு ஸ்கூல் லீவு போடலாமாப்பா?" என்று கேட்டான்.