மைசெல்ஃப் என்று ஆரம்பித்த பையனுக்காக

ஒரு ஹெச்ஆர் (கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவர்), வேலை கேட்டு வந்த பையனோட இன்டர்வியூவை வீடியோவா நெட்டில் போட்டிருக்கார், அது ஊரெல்லாம் சுத்துது. ரெண்டு நாளா பேசாமத்தான் இருந்தேன், எதுக்கு வம்புன்னு. நேத்து ராத்திரி எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்பிலும் அதே வீடியோ வந்து விழுந்துச்சு, கீழே வரிசையா சிரிப்பு பொம்மை. அதுக்கப்புறம் தூக்கம் வரல.

அந்தப் பையன் என்ன தப்பு பண்ணான்? "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சான், "ஐ யாம்"னு சொல்லாம. அவ்வளவுதான். அந்த ஹெச்ஆர் அதை ரெக்கார்ட் பண்ணி, முகத்தை மட்டும் மங்கலாக்கி (என்ன ஒரு பெருந்தன்மை!), இந்தக் காலத்துப் பசங்ககிட்ட சாஃப்ட் ஸ்கில் (ஆளுங்களோட பேசிப் பழகி வேலை நடத்துற திறமை) சுத்தமா இல்லன்னு ஊருக்கே காட்டியிருக்கார். வேலை கேட்டு வந்தவன் குரலை அவனைக் கேட்காம நெட்டில் ஏத்துறவர் நமக்கு சாஃப்ட் ஸ்கில் வகுப்பு எடுக்கிறார். நல்லா இருக்குங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். இங்கிலீஷ் வேற, சாஃப்ட் ஸ்கில் வேற.

அந்த வார்த்தையே எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்க ராணுவத்திலிருந்து. 1972-ல் டெக்சாஸ்ல ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதுக்குன்னே ஒரு மாநாடு போட்டாங்க. பீரங்கி வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்துடலாம், மெஷின் வேலை. ஆளுங்களைக் கட்டி மேய்க்கிறது, ஆபீஸ் காகித வேலையை நடத்துறது, இதையெல்லாம் எப்படிக் கத்துக்கொடுக்கிறதுங்கிறதுதான் அவங்க தலைவலி. யோசிச்சுப் பாருங்க, பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு சாஃப்ட் ஸ்கில்லை எப்படிக் கத்துக்கொடுக்கிறதுன்னு மாநாடு! இங்கே என்னடான்னா "மைசெல்ஃப்"ல வந்து நிக்கிறோம்.

நான் ஓசூர் பக்கம் ஒரு பிளான்ட்ல புரொடக்‌ஷன் பார்க்கிறேன். வருஷத்துக்கு இருபது முப்பது டிரெய்னி என் கை வழியா வர்றாங்க. போன வருஷம் தேர்ட் ஷிஃப்ட், ராத்திரி மூணே முக்கால் இருக்கும். சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகாத பையன் கையில் ரிஜெக்ட் பீஸ் போடுற சிவப்பு டப்பாவைத் தூக்கிட்டு கேபின் வாசல்ல நிக்கிறான். "சார், டூல் மாத்தினப்ப ஆஃப்செட் (டூலுக்கு மெஷின்ல கொடுக்கிற அளவு) நான் தப்பா போட்டுட்டேன். போர் சைஸ் (பீஸுக்குள்ள குடையுற துளையோட அளவு) பெருசாயிடுச்சு. ரெண்டரைக்கு மேல ஓடினது மொத்தம் முப்பத்தெட்டு பீஸ், எல்லாம் இதுல இருக்கு. அதுக்கு முன்னாடி ஓடினதை அளந்துட்டேன், சரியா இருக்கு. மெஷினை நிறுத்தி வெச்சிருக்கேன்." பேசும்போது கை நடுங்குது. ஆனா ஒரு வார்த்தை அதிகமும் இல்ல, குறைவும் இல்ல.

போர் பெருசானா அந்த பீஸ் பெரும்பாலும் ஸ்கிராப்தான். ஆனா அவன் வாயை மூடிட்டுப் போயிருந்தா காலையில் கஸ்டமர் லாரியில் ஏறியிருக்கும். கெட்ட சேதியை உடனே, முழுசா, அடுத்தவன் தலையில் கட்டாம சொன்னான் பாருங்க, எனக்கு வேண்டிய சாஃப்ட் ஸ்கில் அதுதான். அவனோட இன்டர்வியூ ஷீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "கம்யூனிகேஷன்: பிலோ ஆவரேஜ்"னு போட்டிருந்தது. போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். அதனாலதான் இவ்வளவு எரியுது போல.

உடனே வருவாங்க, "அப்போ இங்கிலீஷே வேண்டாங்கிறியா?"ன்னு. நான் எங்கே சொன்னேன்? கத்துக்கட்டும். கிளையன்ட் வெளிநாட்டில் இருந்தா மெயில் இங்கிலீஷ்லதான் போகணும், எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்கு இங்கிலீஷ்னே பேர் வைங்க. மூணு மாசத்துல வர்ற சமாச்சாரத்துக்கு ஆளுமை, குணம்னு பேர் வெச்சு ஒரு பையனையே மட்டம் தட்டாதீங்க.

"பசங்க நெஜமாவே மோசம்பா"ன்னு இன்னொரு கோஷ்டி. சரி, ஒத்துக்கிறேன். லீவு கேட்டு அப்பா ஃபோன் பண்றார். ஷிஃப்ட் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் கழிச்சு "உடம்பு சரியில்ல"ன்னு வாட்ஸப் வருது. ரெண்டு திட்டு திட்டினா மறுநாள் ஆளே காணோம். எல்லாம் உண்மைதான். ஆனா இதில் எது "மைசெல்ஃப்"னால வந்தது? இன்டர்வியூவில் இதைப் பத்தி ஒரு கேள்வியாவது கேட்டீங்களா? "அஞ்சு வருஷத்துல உன்னை எங்கே பார்க்கிறே"ன்னு கேட்கிறீங்க. எனக்கே தெரியாதுங்க அஞ்சு வருஷத்துல நான் எங்கே இருப்பேன்னு.

இன்ஜினியரிங்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்துச்சு. அந்த முதல் பேட்ச் 2025-ல்தான் டிகிரியோட வெளியே வந்தாங்க. 2022 மார்ச்ல தமிழ்நாடு அரசோட "நான் முதல்வன்" திட்டம் ஆரம்பிச்சாங்க, பேசவும் இன்டர்வியூவுக்கும் அதில் சொல்லிக் கொடுக்கிறாங்க, நல்ல விஷயம். வீட்டுலயே முதல் ஆளா ஒருத்தன் டை கட்டி வந்து உட்கார்றான். ரேஷன் கடைக்காரர்கிட்டயும் வட்டிக்காரர்கிட்டயும் பத்து வயசிலிருந்து பேசிச் சமாளிச்சவன். அவன்கிட்ட ஆள் பழக்கம் இல்லன்னு சொல்றீங்க. கேட்டா சிரிப்பு வருது. இல்ல, சிரிப்பு வரல.

என் கதையும் இதேதான். 2009, ஆள் எடுப்பு படுத்துக் கிடந்த வருஷம். எங்க காலேஜ்லேருந்து பஸ் பிடிச்சு சென்னையில் ஒரு காலேஜுக்குப் பூல் கேம்பஸ் (பல காலேஜ் பசங்களை ஒரே இடத்துல வெச்சு வேலைக்கு எடுக்கிறது) போனோம். குரூப் டிஸ்கஷன்ல எட்டு பேர். தலைப்பு என்னன்னு இப்போ ஞாபகம் இல்ல. நான் வாயைத் திறக்கவே இல்லங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. மனசுக்குள்ளே ஒரு வாக்கியத்தைத் தமிழ்லேருந்து மாத்தி முடிக்கிறதுக்குள்ளே பேச்சு எங்கேயோ போயிடும். அப்பா டீக்கடையில் கடன் நோட்டு பார்த்தவன் நான். பாக்கி வெச்சவங்க முகம் வாடாம காசை வாங்கிடுவேன், மறுநாளும் நம்ம கடைக்கே வருவாங்க. அந்த ரூம்ல அதைக் கேட்க ஆள் இல்ல. வெளியே வந்ததும் ஒரு மேடம், "யூ ஆர் டூ கொயட்"னாங்க. பதினாறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மீட்டிங்ல ஹிந்திக்காரங்க நாலு பேர் இருந்தா எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

"நீ ஓவரா எமோஷனல் ஆகுறே"ன்னு ஒருத்தர் கமென்ட் போடுவார், பேரு கூட எனக்குத் தெரியும். போடுங்க சார்.

அந்த வீடியோவை ஷேர் பண்ணவங்க என் லிஸ்ட்லயே பதினோரு பேர். அதில் மூணு பேர் 2009-ல் அதே பஸ்ஸில் என்கூட வந்தவங்க. திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டுற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காம ஜன்னலைப் பார்த்துட்டே வந்தோமேடா.