பழைய வில்லென்றால் மான் வேட்டை குற்றமில்லையா?

“கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில்லுக்குத்தான் தடை. பழைய மர வில்லுக்கு மாறினால் மான், மரை வேட்டைக்கு அனுமதி தேவையில்லை” என்றொரு தகவல் வன்னி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பிழை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. துவக்கோ, கண்ணியோ, வில்லோ, எதனால் கொன்றாலும் குற்றம்தான். போதாததற்கு, சுண்டிக்குளம், மடு வீதி என்ற பகுதிகள் 2015 முதல் தேசியப் பூங்காக்களும்கூட.

வில் மாற்றும் இந்தப் பேச்சு அமெரிக்க வேட்டைக்காரர்களுடையது. அங்கும் உரிமமும் பருவகாலமும் உண்டு. சரி, மர வில் மானுக்கு இரக்கமானதா? கப்பி வில்லை முழுதாக இழுத்ததும் பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும், ஆறுதலாகக் குறிபார்க்கலாம். மர வில்லிலோ முழுப் பாரமும் விரல்களில்தான் நிற்கும், கை நடுங்கும். அம்பு ஒரு சாண் விலகிக் குடலில் பாய்ந்தால், அந்த மான் பற்றைக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

சந்தேகமென்றால் அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். இந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் பிழையென்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.