தெற்குச் சுவரை விட்டுவிட்டீர்களே

லடாக் கிராமங்களுக்கு மலிவு வீடு என்று கட்டுரை எழுதியவர் சுவரின் கனத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார், சூடு எங்கிருந்து வரும் என்பதைத் தொடவே இல்லை. குளிர்காலத்தில் சூரியன் அங்கே தெற்கில் தாழ்வாகத்தான் போகும், அதனால் தெற்குச் சுவருக்குக் கருப்பு அடித்து, வெளியே கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடி மாட்டினால் பகல் வெயிலை மண்சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் உள்ளே விடும். ட்ரோம்ப் சுவர் (Trombe wall) என்பார்கள். சாணி வறட்டி எரித்துக் குளிர்காயும் ஊரில் இது சின்ன விஷயமா? லே நகரத்துப் பக்கத்தில், ஃபே கிராமத்தில் செக்மால் (SECMOL) என்ற கல்வி அமைப்பின் வளாகம் வெயிலை நம்பிக் கட்டிய மண் கட்டடம்தான்.

மண் சூட்டைத் தேக்கும், ஆனால் தடுக்காது. ஆரோவில்லில் அழுத்திய மண்கல் வீடுகளைப் பார்த்துவிட்டு 'இதுவே போதுமே' என்கிறார்கள் எங்கள் புதுச்சேரி நண்பர்கள். இங்கே போதும், அங்கே மற்ற சுவர்களுக்கு வெளிப்பக்கம் வைக்கோல் மாதிரி ஏதாவது பொதிந்தாக வேண்டும். அப்புறம் சந்து. நாம் காற்றுக்காக ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் வைக்கிறோம், அங்கே கதவடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலே சூடு ஓடிவிடும். வாசலுக்கு இரண்டு கதவு, நடுவில் செருப்பு கழற்றும் இடம், இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

கூரையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சூடு மேலேதான் ஏறும் சார், கையில் காசு குறைவென்றால் அந்தப் பொதிவை முதலில் கூரைக்குப் போடச் சொல்லுங்கள்.