தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் சிரமமின்றிச் செய்ய உதவும் சிகிச்சை) மாணவர்களுக்கு மகப்பேறு வார்டில் பயிற்சி தருவது பற்றிய இந்தக் கட்டுரைக்குக் கீழே, அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் இரண்டாவது பிரசவம் வரை எனக்கும் அதே சந்தேகம்தான்.

சிசேரியன் முடிந்து எழவே பயந்து கிடந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருவர், ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொன்னார். தையல் அவ்வளவாக இழுக்கவில்லை. அப்புறம் நான் குழந்தையைத் தூக்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். (எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.) கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்குகிறேனாம், மணிக்கட்டு ஓரத்தில் வலிக்க அதுதான் காரணம். டி குவர்வேன் என்று அந்த வலிக்குப் பெயர். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை கழுத்துக்கு அடியில், உள்ளங்கை மேலே பார்க்க அள்ளுங்கள் என்றார். மூத்தவன் பிறந்தபோது இதை யாரும் சொல்லவில்லை, மாதக்கணக்கில் வலியோடு திரிந்தேன்.

இந்தப் படிப்புக்குக் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்பது உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் விதி. அதில் சில வாரங்களை மகப்பேறு வார்டுக்கு ஒதுக்கினால் என்ன? சரி, அந்த வார்டில் அதே துறைக்காரர் இல்லையென்றால் மாணவர்களை மேற்பார்வையிடுவது யார்? கட்டுரை இதைத் தொடவே இல்லை.