ஒரே பெயர், ஏழு கமிட்டி

போன வாரம் துறைக் கூட்டத்தில் இந்த வருடத்துக் கமிட்டிப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பெயரை மட்டும் பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டே வந்தேன். ஏழு கோடு விழுந்தது. சேர்க்கை, மாணவர் குறைதீர்ப்பு, பாலியல் புகார், சம வாய்ப்பு என்று எங்கே பார்த்தாலும் அதே உதவிப் பேராசிரியர். விளிம்புநிலைச் சமூகத்திலிருந்து எங்கள் துறைக்கு வந்திருக்கும் ஒரே பெண் அவர். 'ஒரு பெண் வேண்டும்' என்றாலும் அவரைக் கூப்பிடுகிறார்கள், 'அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் வேண்டும்' என்றாலும் அவரைத்தான். நானும் பெண்தான். என் பெயர் இரண்டே இடத்தில் இருந்தது.

கூட்டம் முடிந்து போகும்போது பார்த்தேன், அவர் அறை வாசலில் மூன்று மாணவிகள் நிற்கிறார்கள், ஒருத்திகூட அவரிடம் படிப்பவள் இல்லை. தங்களைப் புரிந்துகொள்ள வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடி வந்தவர்கள். பதவி உயர்வு என்று வரும்போது இதற்கெல்லாம் பெரிய மதிப்புக் கிடையாது. ஆய்வுக் கட்டுரை எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த மாதிரிக் கூடுதல் சுமைக்கு அமாடோ படில்லா என்ற பேராசிரியர் 1994-லேயே 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்துவிட்டார்.

நம் பல்கலைக்கழக அறிக்கைகளில் பெண்கள் ஒரு வரிசை, ஒதுக்கப்பட்ட சமூகத்தினர் இன்னொரு வரிசை. இரண்டிலும் எண் கொஞ்சம் ஏறினால் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இரண்டு வரிசையிலும் ஒரே சமயத்தில் நிற்பவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முழுப் பேராசிரியர் ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீதான வழக்கில் நடந்ததும் இதுதான். ஆட்குறைப்பில் வேலை இழந்த கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் நீதிமன்றம், நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்துத்தானே இருக்கிறது என்றது. அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். இனம், பாலினம் இரண்டையும் சேர்த்து ஒரே புகாராகக் கொண்டுவரவும் விடவில்லை. இந்த ஓட்டையைக் காட்டித்தான் 1989-ல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா, குறுக்கிடும் அடையாளங்களைப் பற்றிய கருத்தை முன்வைத்தார்.

சரி, என்ன செய்யலாம்? அளக்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸ் 1990-களில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆண்களின் ஆய்வகங்களையும் பெண்களின் ஆய்வகங்களையும் தானே அளந்தார். பெண்களுக்கு இடம் குறைவு என்று, அதுவரை 'உங்கள் மனப்பிரமை' என ஒதுக்க முடிந்த குறை, சதுர அடிக் கணக்காக வந்ததும் ஒதுக்க முடியாததாகிவிட்டது. பெண் பேராசிரியர்களின் நிலை பற்றி 1999-ல் வெளிவந்த அறிக்கையை அந்த நிறுவனத்தின் தலைவரே ஏற்றுக்கொண்டார். கமிட்டி நேரத்துக்கும், வாசலில் நிற்கும் மாணவர்களுக்குத் தரும் நேரத்துக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும், அதுவும் ஆண்–பெண் என்று மட்டும் பிரிக்காமல்.

எங்கள் பட்டியலை அப்படித்தான் ஒரு தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று. சேர்க்கைக் கமிட்டியையும் குறைதீர்ப்பையும் எனக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, திங்கட்கிழமை போய் மறுபடி கேட்பேன்.